யாருடைய தட்டு?

குளிர்சாதனப் பெட்டியை அடுக்குவது பற்றி ஒரு கட்டுரை என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். நாட்டை இழந்து வந்தவர்களுக்கு எழுத எவ்வளவோ இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு மிச்சக் குழம்பை எந்தத் தட்டில் வைப்பது என்று எழுத வேண்டுமா? எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எங்கள் அறையில் ஒரு மீன்குழம்பு இருபத்துமூன்று நாள் யாரும் தொடாமல் இருந்து அழுகியது. அதை வெளியே கொட்டிய இரவில் நாங்கள் விடியும்வரை சண்டை பிடித்தோம். அரசியல் பேசிக்கூட நாங்கள் அப்படி விழித்திருந்ததில்லை. அந்தச் சண்டையில் எழுந்த கேள்வியைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

நாங்கள் ஐந்து பேர். கோலாலம்பூரில் புடு பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடத்தில் இரண்டு அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். மூவர் ரங்கூனில் பிறந்த தமிழர்கள். இன்று யாங்கோன் என்று எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் ரங்கூன்தான். ஒருவன் சின் மலைப்பகுதியிலிருந்து வந்த பையன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எங்களோடு பர்மிய மொழியில் பேசுவான். ஐந்தாமவர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். நாங்கள் அவரை அண்ணை என்று அவருடைய ஊர் வழக்கப்படியே கூப்பிடப் பழகிவிட்டோம். ஐவருக்கும் உணவகங்களின் பின்கட்டில்தான் வேலை. மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. ஆகவே எங்கள் வேலையும் எங்கள் இருப்பும் எந்தக் காகிதத்தில் தங்கி நிற்கின்றன என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதை எழுதுபவன் ரங்கூன்காரன். தொலைநிலைக் கல்வியில் இயற்பியல் படித்து, கடைசி ஆண்டுக்கு முன்னால் விட்டுவிட்டு வந்தவன். கட்டுரை முழுவதும் வரும் ‘நாங்கள்’ என்பதில் அவனும் அடக்கம். அவனை மட்டும் தனியே பிரித்துக் காட்ட விருப்பமில்லை.

*

எங்கள் அறையில் பிரிட்ஜ் ஒன்றுதான். யாரோ வீடு மாறும்போது விட்டுப்போனது. மூன்று தட்டு, அடியில் ஒரு காய்கறி இழுப்பறை, மேலே ஒரு சிறிய உறைபெட்டி. ஐந்து பேருக்குப் பங்கு பிரித்தோம். மேல்தட்டில் இருவர், நடுத்தட்டில் இருவர், கீழ்த்தட்டில் அண்ணை. ஒவ்வொரு டப்பாவிலும் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதினோம். அடுத்தவன் டப்பாவைத் தொடக்கூடாது என்பதே ஒரே சட்டம். ஐந்து பேர் சண்டையில்லாமல் வாழ இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று நினைத்தோம்.

வேடிக்கை என்னவென்றால், பெட்டியை எப்படி அடுக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தொழில் முறையாகவே தெரியும். பச்சை இறைச்சியும் மீனும் அடித்தட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் நீர் சமைத்த உணவின்மேல் சொட்டும். கதவுப் பக்கம்தான் பெட்டியிலேயே சூடு கூடிய இடம். அங்கே பால் வைக்கக்கூடாது, சட்னி போத்தலும் ஊறுகாயும் வைக்கலாம். கீரையையும் பழுக்கும் பழங்களையும் ஒன்றாக வைத்தால், பழம் விடும் வாயுவில் கீரை மஞ்சளாகிவிடும். உள்ளே சூடு 4 பாகைக்கு மேல் போகக்கூடாது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றை அண்டாவோடு உள்ளே வைக்கக்கூடாது. தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்து வைக்க வேண்டும். சோற்றிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. வெளியே ஆறிக் கிடந்த சோற்றில் அது விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும். பழையதை முன்னுக்கு இழுத்துப் புதியதைப் பின்னுக்குத் தள்ளி வைக்கத் தெரியாதவன் எந்த உணவகத்திலும் ஒரு வாரம் நிற்க முடியாது.

இவ்வளவும் தெரிந்த நாங்கள் எங்கள் சொந்தப் பெட்டியிலிருந்து வாராவாரம் ஒரு பை நிறையக் குப்பையில் கொட்டினோம். பாதி வெங்காயம், காய்ந்த கொத்தமல்லி, உணவகத்தில் இரவு மிஞ்சிக் கொடுத்துவிட்ட பருப்பு, யாருக்கும் நினைவில்லாத ஒரு டப்பா. ஆக, எங்களிடம் குறைவாக இருந்தது அறிவில்லை.

இது எங்கள் அறையின் கதை மட்டுமல்ல. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி தொன். அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. கல்யாண மண்டபங்களையும் ஹோட்டல்களையும் நாம் திட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் பெரும்பகுதி நம்மைப் போன்றவர்களின் சமையலறையிலிருந்துதான் போகிறது. அதே ஆண்டில் 70 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பட்டினியோடு இருந்தார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழுவது சுலபம். எங்கள் பருப்பு அந்தப் பட்டினிக்காரரிடம் போயிருக்கப் போவதில்லை என்பதும் தெரியும். அப்படியானால் வீணாக்குவதில் உள்ள குற்றம் என்ன? யாருக்குச் செய்த குற்றம்?

*

இதற்கு விடை தேட ரங்கூனுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

எங்களில் ஒருவனுடைய வீடு பழைய பிரேசர் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தத் தெருவுக்கு இன்று அனோரத்தா சாலை என்று பெயர். 1871இல் தமிழர் கட்டிய காளி கோயில் அந்தச் சாலையில்தான் நிற்கிறது. வீடு நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. ரங்கூன் நகரத்துள் மாடி வீடுகளின் முகப்பில் தெருவரை ஒரு கயிறு தொங்கும். அதன் நுனியில் ஒரு கிளிப் இருக்கும். பத்திரிகைக்காரன் பத்திரிகையை அதில் மாட்டுவான், மேலேயிருந்து இழுத்துக்கொள்வார்கள்.

அந்த வீட்டுக்கு 2013இல் முதல் பிரிட்ஜ் வந்தது. நாடு கொஞ்சம் திறந்துவிட்ட காலம் அது. நான்கு பேர் தோளில் வைத்து மாடி ஏற்றினார்கள். அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். அம்மாவின் வாயில் அது ஐஸ்பெட்டி. பர்மியர்களும் அதை ‘யேகே தித்தா’ என்றுதான் சொல்வார்கள். அதற்கும் ஐஸ்பெட்டி என்றே பொருள். பெட்டி வந்த பிறகு அம்மா இருபத்தாறாம் தெருச் சந்தைக்குத் தினமும் போவதை நிறுத்தினார். அதுவரை மீன் கால் வீசை வாங்குவார். பர்மாவில் வீசை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, 1.6 கிலோவுக்குச் சற்றுக் கூட. பெட்டி வந்த பிறகு ஒரு வீசை வாங்கி வைத்தார். அந்த வீட்டில் முதன்முதலாக மீன் கெட்டுப்போய் எறிந்தது அதற்குப் பிறகுதான். இது அம்மாவே சொன்னது.

2021 பெப்ரவரி முதலாம் தேதி இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன் பிறகு மின்சாரம் தேய்ந்துகொண்டே வந்தது. 2022 கோடையில், மழை இல்லாமல் அணைகள் இறங்கிய மாதங்களில், நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சில மணி நேரம் கொடுத்தார்கள், சில மணி நேரம் நிறுத்தினார்கள். கொடுப்பதாகச் சொன்ன நேரத்திலும் வராத நாட்கள் உண்டு. வெளியே 38 பாகை வெயில். மின்சாரம் போன பிறகு கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் பிரிட்ஜுக்குள் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்திருக்கும் உறைபெட்டி 2 நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள் தாங்கும். அம்மா இயற்பியல் படித்தவரில்லை. ஆனால் ஒரே மாதத்தில் இவ்வளவையும் கண்டுபிடித்துவிட்டார்.

அம்மா பெட்டியை அடுக்கிய விதம் இது. உறைபெட்டி முழுவதும் தண்ணீர் போத்தல்கள். மின்சாரம் வரும் நேரத்தில் அவை கட்டியாகும். போனதும் இரண்டை எடுத்து நடுத்தட்டில் மீனுக்கும் பாலுக்கும் இரு பக்கமும் வைப்பார். கதவைத் திறப்பது நாளில் இரண்டே தடவை. உள்ளே என்ன இருக்கிறது என்று கதவைத் திறந்து பார்க்கக்கூடாது; அதற்காக வெளியே ஒரு சிலேட்டு தொங்கும். பொருளின் பெயரும், அதை எந்த வேளைக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் அதில் இருக்கும். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் பெட்டிக்குள் போகாது. ஈர மணல் போட்ட மண்தொட்டியில் ஈரத்துணிக்கடியில் இருக்கும். மீன் மறுபடி கால் வீசைக்கு வந்துவிட்டது.

இத்தனை செய்தும் மிஞ்சும். மிஞ்சுவதை வைக்க முடியாது. அப்போது அம்மா என்ன செய்வார்? மணியைத் தட்டி, மேலேயிருந்து கயிற்றில் தூக்குச்சட்டியை இறக்குவார். கீழ்மாடியில் இருந்த முஸ்லிம் வீட்டுக்கும், தெருவில் சைக்கிள் ரிக்சாக்காரருக்கும், எதிர்வீட்டுப் பர்மியக் கிழவிக்கும். சட்டி வெறுமனே திரும்பி வராது. அதில் அவித்த பட்டாணியோ ஒரு கட்டு கீரையோ இருக்கும். மின்சாரம் ஒழுங்காக இருந்த எட்டு வருடத்தில் அந்தக் கயிறு பத்திரிகைக்கு மட்டும்தான் பயன்பட்டது.

இதை இப்படி எழுதும்போது வறுமைக்குப் பாட்டுப் பாடுகிறோம் என்ற சந்தேகம் வரலாம். இல்லை. மின்வெட்டு ஒரு கொடுமை. இன்சுலினைக் காப்பாற்ற ஐஸ் தேடி அலைந்தவர்களை நாங்கள் அறிவோம். எங்களில் எவனும் அதற்குத் திரும்பிப் போக விரும்பவில்லை. நாங்கள் சொல்வது ஒன்றுதான். வைக்க முடியாது என்று தெரிந்தபோது அம்மா ‘இது யாருக்கு?’ என்று உடனே கேட்டார். வைக்க முடியும் என்றபோது அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டார். பெட்டி செய்யும் உண்மையான வேலை அந்தத் தள்ளிப்போடுதல்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நாம் வீணாக்கும் உணவு, சாப்பிடுவதா கொடுப்பதா என்று முடிவு செய்யாமல் விட்ட உணவு. குளிர் அந்த முடிவின்மையை நான்கு நாள் மறைத்து வைக்கிறது, அவ்வளவே.

*

ஆனால் சேர்த்து வைப்பதே தவறு என்று எங்களால் சொல்ல முடியவில்லை. இந்த இடத்தில்தான் எங்களுக்குள் கருத்து பிரிந்தது.

ரங்கூனில் விடியற்காலையில் பிக்குகள் வரிசையாகப் பாத்திரம் ஏந்தி வருவார்கள். தேரவாத நெறிப்படி அவர்கள் நண்பகலுக்குப் பிறகு உண்பதில்லை; வாங்கிய உணவை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளவும் கூடாது. இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாக ஒரு கூட்டம் நாளைக்கென்று ஒரு பிடி சோறு வைக்காமல் வாழ்ந்து வருகிறது. மணிமேகலையின் அமுதசுரபியும் இதே வகைதான்: கொடுக்க மட்டும் உண்டானது, சேர்த்து வைக்க அல்ல. எங்களில் ஒருவன் இதைச் சொல்லி, ‘பார், பிரிட்ஜுக்கு எதிரான பாத்திரம் அது’ என்றான்.

மற்றவன் சிரித்தான். ‘பிக்கு வைக்காமல் இருக்கலாம், ஏனென்றால் ஊரில் பத்து வீட்டில் வைத்திருக்கிறார்கள்.’

அதுவும் உண்மைதான். பர்மாவே வைத்திருக்கத் தெரிந்தவர்களின் நாடு. மீனை உப்பில் நொதிக்கவிட்டு ஙப்பி, தேயிலைத் துளிரைப் புளிக்கவைத்து லப்பெத், மூங்கில் குருத்தை ஊறவைத்துப் புளிப்புக் குருத்து. பர்மியர் கறி சமைத்தால் தண்ணீர் முழுதும் வற்றி எண்ணெய் மேலே மிதக்கும்வரை விடுவார்கள். அந்த எண்ணெய்ப் படலம் கறியைக் காக்கும். எங்கள் பாட்டி இதோடு தன் ஊர் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலையில் பழஞ்சோறு. அதற்கும் மிஞ்சினால் வெயிலில் காயவைத்து வற்றல். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்து நகரம் பல நாள் இருண்டு கிடந்தபோது, தெருவில் சாப்பிட்டவர்களெல்லாம் இந்தப் பாட்டிகளின் ஜாடிகளைத் திறந்துதான் சாப்பிட்டார்கள்.

நாளை பற்றிய பயம் எங்களுக்குப் பரம்பரைச் சொத்து. உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் எங்கள் கொள்ளுப்பாட்டன்மார். 1942 மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. அந்த அரிசி நின்றதும் இலங்கையில் அரிசிக்குப் பங்கீடு வந்தது. அடுத்த வருடம் வங்காளத்தில் பஞ்சம் வந்தபோது, அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ரங்கூன் அரிசி வராததும் ஒன்று. மூட்டை சுமந்தவர்கள் காட்டு வழியே இந்தியாவுக்கு நடந்தார்கள். நடந்தவர்களில் பல ஆயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். இப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய் ‘நாளைக்கென்று வைக்காதே’ என்று உபதேசம் செய்ய யாருக்கு வாய் வரும்?

ஆனால் அந்தப் பயம் இங்கே என்ன உருவம் எடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்களில் ஒருவன் முதல் சம்பளத்தில் பெட்டியை நிரப்பி, கதவைத் திறந்து வைத்துப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினான். நிறைந்த பிரிட்ஜ்தான் நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம் என்பதற்கு அத்தாட்சி. அதைப் பார்த்த அம்மா கேட்டது: ‘இவ்வளவையும் யாரு தம்பி சாப்பிடுவா?’ எங்களிடம் பதில் இல்லை. அந்தப் படத்தில் இருந்த கோசு பாதி குப்பைக்குப் போனது. ஜாடிக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் கொஞ்சம் விளங்கியது. ஜாடியில் ஒன்றைப் போட உழைக்க வேண்டும்: கழுவி, நறுக்கி, உப்பிட்டு, வெயிலில் வைத்து. அவ்வளவு உழைத்தவள் அதை மறக்கமாட்டாள். பெட்டியில் போடக் கதவைத் திறந்தால் போதும். மறப்பதற்கும் கதவைச் சாத்தினால் போதும்.

*

இப்போது அண்ணையின் மீன்குழம்புக்கு வருவோம்.

அண்ணைக்கும் பிரிட்ஜுக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது; பல வருடம் வரவில்லை. அப்போது அவர் சிறுபிள்ளை. ‘எங்கட வீட்டுப் பிரிட்ஜுக்குள்ள அம்மா பள்ளிக்கூடப் புத்தகம்தான் அடுக்கினவ. கறையான் ஏறாதெல்லோ’ என்பார். 1995 ஒக்டோபர் கடைசியில் ஊரே வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, புத்தகங்களை எடுக்காமல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்களாம். அதனால்தானோ என்னவோ, எங்கள் எல்லோரிலும் அவருடைய தட்டுத்தான் துப்புரவாக இருக்கும். அதிலே எப்போதும் ஒரு சிறிய போத்தலில் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் இருக்கும். வண்டு விழாதிருக்க உள்ளே வைத்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை அண்ணை பாரைமீன் குழம்பு வைத்து ஆறவிட்டு, டப்பாவில் ஊற்றிப் பெயர் ஒட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். இரவு திரும்பும் வழியில் காகிதம் கேட்டுப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எந்தத் தடுப்பு நிலையத்தில் இருக்கிறார் என்று தெரியவே எங்களுக்குப் பத்து நாள் ஆயிற்று.

முதல் நாள் அவர் தட்டை யாரும் தொடவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. நான்காம் நாள் எங்களுக்குள் ஒருவன் டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தான். அந்த வாரம் எங்களுக்குச் சம்பளம் தாமதமாகி, வெறும் சோறும் அவித்த முட்டையும் தின்றோம். அப்போதும் தொடவில்லை. அடுத்தவன் டப்பாவைத் தொடக்கூடாது என்ற சட்டத்துக்காக அல்ல. வெளியூர் போனவர் போய்ச் சேருமுன் வீட்டைக் கூட்டக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்த மாதிரி ஒரு பயம். அவர் குழம்பைத் தின்றால் அவர் வரமாட்டார் என்று நாங்களே முடிவு கட்டியது போலாகும்.

இருபத்துமூன்றாம் நாள் நாற்றம் தாங்கவில்லை. சின் பையன்தான் எடுத்துக் கொட்டினான். கொட்டிவிட்டு வந்து எங்களைப் பார்த்துக் கத்தினான். அவன் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. ‘எங்கள் ஊரில் ஒருத்தனைப் பட்டாளம் பிடித்துக்கொண்டு போனால், பக்கத்து வீட்டார் அவன் சோளத்தை ஒடித்து உள்ளே வைப்பார்கள். வேண்டியதை எடுத்தும் தின்பார்கள். கொல்லையில் அழுகவிட்டுவிட்டு, அவன்மேல் மரியாதை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.’

எங்களில் ஒருவனுக்குக் கோபம் வந்தது. அடைபட்டவன் பொருளைத் தின்பது செத்தவன் பொருளைத் தின்பதற்குச் சமம் என்றான். இன்னொருவன், உயிரோடிருப்பவன் சமைத்ததை நாறவிட்டதுதான் அவரைச் செத்தவராக நடத்தியது என்றான். விடியும்வரை இதுதான் சண்டை.

அந்தச் சண்டைக்கு நடுவில்தான் பாட்டியின் ஜாடி நினைவுக்கு வந்தது. 1964 மார்ச்சில் ராணுவ அரசு ரங்கூன் கடைகளைத் தேசியமயமாக்கியது; மே 17ஆம் தேதி ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. அடுத்த சில வருடங்களில் ஏறத்தாழ 3 லட்சம் இந்திய வம்சாவளியினர் கப்பல் ஏறினார்கள். நகையும் பணமும் கொண்டுபோக விடவில்லை. பாட்டியின் கீழ்வீட்டுக்காரி போகும்போது இரண்டு ஜாடி எலுமிச்சை ஊறுகாயைப் பாட்டியிடம் கொடுத்து, ‘நான் வந்து வாங்கிக்கிறேன்க்கா’ என்றாளாம். பாட்டி அந்த ஜாடிகளைத் தன் பொருளாக நினைத்ததே இல்லை. கடைசிவரை அவை ‘அவளோட ஜாடி’தான். ஆனால் உள்ளிருந்ததைத் தெருப்பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வந்தால் கொடுப்பார். எடுத்த அளவுக்கு ஒவ்வொரு பருவத்திலும் புது எலுமிச்சையும் உப்பும் போடுவார். முப்பது வருடம் கழித்து அந்த ஜாடியில் அவள் போட்ட பழம் ஒன்றுகூட இருந்திருக்காது. ஜாடி மட்டும் நிறைந்தே இருந்தது. அவள் வரவில்லை.

பாட்டி நாங்கள் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார். இடம் அவளுடையது, உள்ளிருப்பது பசித்தவருடையது, எடுத்தவர் திரும்ப நிரப்ப வேண்டும். நாங்களோ டப்பாவையும் குழம்பையும் ஆளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு மூன்றையும் பூட்டி வைத்தோம். ஆகவே முன்னே கேட்ட கேள்விக்கு எங்கள் பதில் இது: வீணாக்கும் உணவு தூரத்துப் பட்டினிக்காரருக்குச் செய்த குற்றமோ இல்லையோ, அதைச் சமைத்தவருக்குச் செய்த குற்றம். ஒருவர் தன் நேரத்தைக் கொடுத்துச் செய்த காரியம், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த இடத்துக்குப் போய்ச்சேரவில்லை. அந்த வேலையைச் செய்தே பிழைக்கும் எங்களுக்கு இது விளங்கியிருக்க வேண்டும்.

*

மறுநாள் பெட்டியை மாற்றி அடுக்கினோம். பெயர்க் காகிதங்களைக் கிழித்தோம். அவற்றுக்குப் பதிலாக டப்பாவில் நாள் மட்டும் எழுதுகிறோம்: இந்தக் கிழமைக்குள் என்று. மேல்தட்டு இன்றைக்கு முடிய வேண்டியது. அதை யாரும் எடுக்கலாம், கேட்கத் தேவையில்லை. நடுத்தட்டு நாளைக்கும் மறுநாளைக்கும். பச்சை மீனும் இறைச்சியும் மூடிய பாத்திரத்தில் உறைபெட்டியில் அல்லது இழுப்பறைக்குள். கதவில் ஒரு காகிதம், அம்மாவின் சிலேட்டைப் போல. வெள்ளி இரவு பெட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் ஐவருக்கும், அதாவது நால்வருக்கும், சாப்பாடு. பக்கத்து அறையில் குழந்தைகளோடு ஒரு ரொஹிங்கியாக் குடும்பம் இருக்கிறது. மிஞ்சும் என்று தெரிந்தால் வெள்ளிவரை காத்திருப்பதில்லை.

கீழ்த்தட்டில் அண்ணையின் பெயரை மட்டும் கிழிக்கவில்லை. அந்தத் தட்டில் எப்போதும் ஒரு சாப்பாடு இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். இரண்டு நாளுக்கு ஒரு தடவை அதை எடுத்து ஒருவன் சாப்பிட்டுவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். சில வாரம் வெறும் பருப்பும் சோறும்தான். குப்பைப் பை பாதியாகக் குறைந்தது. அது பெரிய சாதனை அல்ல. நாங்கள் ஒருவர் சமைத்ததை ஒருவர் சாப்பிட ஆரம்பித்தோம். அறையில் ஒன்றரை வருடம் இருந்தும் அது நடந்ததில்லை.

பதினோராவது வாரம் அண்ணை வெளியே வந்தார். மெலிந்து, மொட்டைத் தலையோடு. குளித்துவிட்டு வந்து நேரே பிரிட்ஜைத் திறந்தார். தன் பெயரைப் பார்த்தார். முந்தைய நாள் வைத்த கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் இருந்தன. சூடாக்கச் சொன்னோம், கேட்கவில்லை, நின்றபடியே தின்றார். மீன்குழம்பின் கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். ‘விசர்ப் பெடியள். சாப்பிட்டிருக்கலாமே. நாறவிட்டுக்கொண்டே இருந்தனீங்கள்?’ என்றார்.

எங்கள் தத்துவம் வென்றுவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்து முடிவதற்குள் அவர் கை போத்தலை எடுத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ‘தூள் குறைஞ்சிருக்கு. ஆர் எடுத்தது?’

நாங்கள்தான் எடுத்திருந்தோம், எங்கள் புதுச் சட்டப்படி. பதிலுக்குக் கடையில் வாங்கிய தூளும் ஒரு பொட்டலம் வைத்திருந்தோம். அவர் அந்தப் பொட்டலத்தைப் பார்க்கவேயில்லை. ‘அது அம்மா இடிச்சு அனுப்பினது. அவவுக்கு இனி உலக்கை பிடிக்க ஏலாது’ என்றார். அதன்பின் அன்றிரவு எங்களோடு பேசவில்லை.

பாட்டியின் ஜாடியில் எலுமிச்சையை நிரப்பலாம். எல்லாவற்றையும் அப்படி நிரப்ப முடியாது என்பதை எங்கள் சட்டத்தில் எழுத மறந்துவிட்டோம். கெட்டுப்போவதைப் பகிர வேண்டும் என்பதில் எங்களுக்கு இன்றும் சந்தேகம் இல்லை. கெடாமல் இருப்பதில் எது யாருக்கு என்ன என்பதைக் கேட்காமல் தெரிந்துகொள்ள முடியாது. நாங்கள் அதைக் கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லாத நேரத்தில் எடுத்தோம்.

அந்தப் போத்தல் இப்போது பிரிட்ஜில் இல்லை. அண்ணையின் பைக்குள், காகிதங்களோடு இருக்கிறது. அதற்கு அதுதான் சரியான இடம் என்று நினைக்கிறோம். கீழ்த்தட்டில் பெயர் இன்னும் இருக்கிறது. இந்த வாரம் அதில் சாப்பாடு வைக்கும் முறை இதை எழுதுபவனுடையது.